க்யூபும் கட்டுரையும்: புதுச்சேரிப் பொறியியல் துறைகளில் ஆய்வு படும் பாடு

பொறியியல் கல்லூரியின் சிவில் லேபுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது க்யூரிங் தொட்டிதான். லேசாகப் பாசி பிடித்த தண்ணீருக்குள் கான்கிரீட் கட்டிகள் வரிசையாகக் கிடக்கும். லேபில் அதற்குப் பெயர் க்யூப். ஒவ்வொரு பக்கமும் 15 செ.மீ., எடை எட்டுக் கிலோவுக்குப் பக்கம். மேலே பெயின்ட்டில் வார்த்த தேதி, ஒப்பந்தக்காரரின் முதலெழுத்து, எம்20 என்றோ எம்25 என்றோ ஒரு குறி. ஏழாம் நாள் மூன்று, இருபத்தெட்டாம் நாள் மூன்று என்று எடுத்துத் துடைத்து அழுத்து இயந்திரத்தில் வைப்பார்கள். முள் ஏறும். இருபத்தெட்டாம் நாள் க்யூப் 450 கிலோ நியூட்டனைத் தாண்டிய பிறகு உடைந்தால் எம்20 தேறிவிட்டது. அதற்கு முன்பே படாரென்று சத்தம் வந்தால், வாசலில் டூவீலரை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும் சைட் எஞ்சினியரின் முகம் மாறும். ரிப்போர்ட்டில் பேராசிரியர் கையெழுத்துப் போடுவார், துறையின் முத்திரை விழும். கட்டணம் கன்சல்டன்சி கணக்கில் சேரும்.

இந்த வேலையைப் பத்து ஆண்டு செய்த ஆசிரியருக்கு ஊரின் கட்டடங்களைப் பற்றித் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது. ஆற்று மணல் போய் எம்-சாண்ட் வந்தபோது என்ன ஆயிற்று, கடலோரத்து போர் தண்ணீரில் கலந்த கான்கிரீட் எப்படி நடந்துகொள்கிறது, எந்த மாதத்தில் தண்ணீர் விடாமல் ஏமாற்றுகிறார்கள், எல்லாம் அவர் பதிவேட்டில் எண்களாக இருக்கும். ஆனால் ஆண்டு முடிவில் அவர் நிரப்ப வேண்டிய சுய மதிப்பீட்டுப் படிவத்தில் இந்த அறிவுக்குப் பெரிதாக இடமில்லை. அங்கே முதலில் நிற்கும் கேள்வி ஒன்றுதான்: ஸ்கோப்பஸ் என்ற கட்டுரைத் தரவுத்தளத்தில் எத்தனை பேப்பர்?

புதுச்சேரியின் பொறியியல் ஆசிரியர்கள் எதை ஆராய்கிறார்கள், ஏன் அதை ஆராய்கிறார்கள், யார் எண்ணுகிறார்கள் என்ற கேள்விகளுக்குள் போக இந்தத் தொட்டியே சரியான வாசல்.

புதுச்சேரிப் பகுதிக்கு அரசுப் பொறியியல் கல்லூரி வந்தது 1984-இல். நகரிலிருந்து வடக்கே சுமார் பத்து கிலோமீட்டரில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் பிள்ளைச்சாவடி. மீனவர் குப்பத்தின் பெயரே கல்லூரியின் முகவரி ஆனது. மறு ஆண்டு, 1985-இல், பக்கத்துக் காலாப்பட்டில் மத்தியப் பல்கலைக்கழகம் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியாக எழுந்தது. பிறகு மதகடிப்பட்டுப் பக்கமெல்லாம் தனியார் கல்லூரிகள். 2010-இல் காரைக்காலில் என்.ஐ.டி. கடைசியாக, பிள்ளைச்சாவடிக் கல்லூரியே 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2020-இல் புதுச்சேரித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாகப் பெயர் மாறியது. இவ்வளவு சிறிய ஒன்றியப் பிரதேசத்துக்கு இத்தனை பொறியியல் துறைகள் இருப்பது குறைச்சல் இல்லை. சென்டாக் என்ற சேர்க்கைக் குழுவின் கலந்தாய்வு நாட்களில் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று அலையும் பெற்றோருக்கு இந்தப் பட்டியல் மனப்பாடம்.

எண்பதுகளில் இந்தியாவில் பொறியியல் கல்லூரி என்றால் பாடம் நடத்தும் இடம் என்றே பொருள். எம்.இ. முடித்தவர்கள் விரிவுரையாளராகச் சேர்ந்தார்கள். ஆய்வுப் பட்டம் வேண்டுமென்றால் க்யூ.ஐ.பி. என்ற திட்டம் இருந்தது, 1970-இல் தொடங்கியது. சம்பளத்தோடு மூன்று ஆண்டு விடுப்பு, ஐ.ஐ.டி.யிலோ பெங்களூர் ஐ.ஐ.எஸ்.சி.யிலோ பிஎச்.டி. நல்ல திட்டம்தான். ஒரு தலைமுறை ஆசிரியர்களை அதுதான் ஆய்வாளர்களாக ஆக்கியது. ஒரு குறை மட்டும் உண்டு. ஆய்வுத் தலைப்பு அந்த ஐ.ஐ.டி. கைடின் லேபிலிருந்து பிறக்கும். பட்டத்தோடு திரும்பி வந்தவருக்கு இங்கே அந்தக் கருவி இருக்காது, கூட்டாளி இருக்கமாட்டார், சோதனையைத் தொடர வழியிருக்காது. கற்ற வித்தையைக் காகிதத்தில் மட்டும் தொடர முடிந்தவர்கள் தொடர்ந்தார்கள். மற்றவர்கள் நல்ல ஆசிரியர்களாக மட்டும் ஓய்வு பெற்றார்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. இன்றைக்கு நல்ல ஆசிரியர் கிடைப்பதே அருமை.

திருப்பம் வந்தது 2010-இல். பல்கலைக்கழக மானியக் குழு ஏ.பி.ஐ. என்ற மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தது. கட்டுரைக்கு இத்தனை, கருத்தரங்குக்கு இத்தனை, புத்தகத்துக்கு இத்தனை என்று புள்ளிகள். 2016-இல் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை வந்தது. அதில் பொறியியல் கல்லூரிக்கு நூற்றில் 30 ஆய்வுக்கு. தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் 2019 விதிகள் இணைப் பேராசிரியர் பதவிக்கு நேரடியாக வர விரும்புபவரிடம் பிஎச்.டி.யோடு ஆறு கட்டுரைகளைக் கேட்டன. அளவுகோல் வந்துவிட்டால் துணி அதற்கேற்ப வெட்டப்படும். அதுதான் நடந்தது.

ஓர் உதவிப் பேராசிரியரின் வாரத்தைப் பாருங்கள். விதிப்படி 16 மணி நேர வகுப்பு. ஆசிரியர்–மாணவர் விகிதம் முன்பு 1:15 இருந்தது, இப்போது 1:20. வகுப்போடு வேலை முடிந்தால் சரி. என்.பி.ஏ. அங்கீகாரக் குழு வருகிறதென்றால் ஒவ்வொரு பாடத்துக்கும் கோர்ஸ் ஃபைல், பாடத்தின் விளைவுகளைப் பட்டத்தின் விளைவுகளோடு பொருத்தும் சி.ஓ.–பி.ஓ. அட்டவணை. நாக் தரமதிப்பீட்டுக் குழு வந்தால் வேறொரு மலை. தேர்வுக் காலத்தில் இன்விஜிலேஷன், அதற்குப் பின் விடைத்தாள். அரசுக் கல்லூரியென்றால் தேர்தல் வேலையும் உண்டு. இதற்கிடையே சனிக்கிழமை மதியம் ஸ்காலர், அதாவது பிஎச்.டி. மாணவர், வருவார். பெரும்பாலும் பார்ட் டைம் ஸ்காலர். தனியார் கல்லூரியில் வாரம் முழுவதும் பாடம் நடத்திவிட்டுப் பஸ் பிடித்து வந்திருப்பார். கையில் லேப்டாப், முகத்தில் தூக்கம். உதவிப் பேராசிரியர் நான்கு பேர், இணைப் பேராசிரியர் ஆறு, பேராசிரியர் எட்டு ஸ்காலர் வரை வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. ஆசிரியர், ஸ்காலர் இருவருக்கும் மிச்சமிருக்கும் சனிக்கிழமை மதியத்து இரண்டு மணி நேரத்தில் எந்த வகை ஆய்வு சாத்தியம்?

லேப் தேவைப்படாத ஆய்வு. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் தரவுத் தொகுப்பை எடுத்து, ஏற்கெனவே உள்ள முறையில் சிறு மாற்றம் செய்து, துல்லியம் 94 விழுக்காட்டிலிருந்து 96 ஆனது என்று எழுதுவது. 2000-களில் வயர்லெஸ் சென்சார் நெட்வொர்க் என்று எல்லோரும் எழுதினார்கள். பிறகு ஐ.ஓ.டி., இப்போது டீப் லேர்னிங். மின்னியல் துறையில் மேட்லேப் சிமுலேஷன், இயந்திரவியலில் ஏதாவது ஒரு கலப்பு உலோகத்தின் தேய்மானம். இதில் எல்லாமே பயனற்றது என்று சொன்னால் அது அநியாயம். தகவல் தொடர்பில் குறியீட்டுக் கோட்பாடு ஆராய்பவருக்கு புதுச்சேரிக் கடலோடு என்ன வேலை? அவர் உலகத்தோடு போட்டி போட வேண்டியவர், போடட்டும். ஒரே வாய்பாட்டில் நூறு பேர் எழுதும்போது அது ஆய்வாக இல்லாமல் விண்ணப்பப் படிவமாக மாறிவிடுகிறது என்பதே என் புகார்.

நானும் சில ஆண்டுகள் ஒரு தனியார் கல்லூரியில் வேலை பார்த்தேன். ஆண்டுக்கு இரண்டு ஸ்கோப்பஸ் பேப்பர் இல்லையென்றால் இன்கிரிமென்ட் இல்லை என்றார்கள். வெளியீட்டுக் கட்டணமும் நம் கையிலிருந்துதான். ஒரு மாலை ஸ்டாஃப் ரூமில் ஒரு தரகர் வந்து உட்கார்ந்தார். முதல் ஆசிரியர் இடம் ஒரு விலை, மூன்றாம் இடம் ஒரு விலை என்று வாட்ஸ்அப்பில் பட்டியல் காட்டினார். கட்டுரை ஏற்கெனவே தயாராக இருந்தது. தலைப்பைக்கூட நான் படிக்க வேண்டியதில்லையாம். அன்றைக்கு எழுந்து போனவர்கள் இரண்டு மூன்று பேர். போகாதவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் அவர்கள் சம்பளம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. 2023-இல் உலகம் முழுவதும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அதில் எட்டாயிரத்துக்கும் மேல் ஹிந்தாவி என்ற ஒரே வெளியீட்டாளரின் இதழ்களில் வந்தவை. இந்தியாவில் மானியக் குழு 2019-இல் கேர் பட்டியல் என்று ஒன்றை அமைத்துப் போலி இதழ்களை வடிகட்டப் பார்த்தது. 2025-இல் அந்தப் பட்டியலையே கைவிட்டது. அதே ஆண்டு என்.ஐ.ஆர்.எஃப். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைக்கத் தொடங்கியது. காப்புரிமையிலும் இதே கூத்து. விண்ணப்பம் போட்டால் பொதுவாக 18 மாதத்தில் அது அரசிதழில் வெளியாகும். வெளியாவது வேறு, வழங்கப்படுவது வேறு. ஆனால் ‘பேட்டன்ட் பப்ளிஷ்டு’ என்று நோட்டீஸ் போர்டில் போட்டுக்கொள்ள வெளியானதே போதும். 2021-இல் கல்வி நிறுவனங்களுக்கான கட்டணத்தை 80 விழுக்காடு குறைத்த பிறகு விண்ணப்பங்கள் குவிந்ததில் வியப்பில்லை.

ஆசிரியரே இல்லாத இடத்தில் ஆய்வு எங்கே இருக்கும்? 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளைப் பற்றி வெளியிட்டதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஒரே ஆசிரியர் பல கல்லூரிகளில் முழுநேரப் பணியில் இருப்பதாகக் கணக்கு. 353 பேர், 224 கல்லூரிகள். எண்ணுபவர் காகிதத்தை மட்டும் எண்ணினால், எண்ணப்படுபவர் காகிதத்தை மட்டும் தயாரிப்பார்.

சரி, புதுச்சேரியிலேயே வேறுவிதமான ஆய்வு நடந்ததில்லையா? நடந்திருக்கிறது, அதுவும் பொறியியல் துறைகளுக்கு வெளியே. 1975-இல் இங்கே தொடங்கிய வி.சி.ஆர்.சி., கொசுக்களை ஆராயும் மைய அரசு நிறுவனம். அப்போது புதுச்சேரி நகரத்தில் யானைக்கால் நோய் பெரும் தொல்லை. நிறுவனம் தன் ஆய்வுக் கேள்வியை நகரத்துச் சாக்கடைகளிலிருந்தே எடுத்தது. 1981 முதல் 1985 வரை நகரத்தையே களமாக வைத்து, மருந்தடிப்பதை மட்டும் நம்பாமல், தேங்கும் நீர், வடிகால், மீன், மக்கள் பங்கு எல்லாவற்றையும் சேர்த்துக் கொசுவைக் கட்டுப்படுத்திக் காட்டினார்கள். அப்போதைய இயக்குநர் பி.கே.ராஜகோபாலனுக்கு 1990-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. உலக இதழ்களிலும் கட்டுரைகள் வந்தன. ஆனால் அவை வேலைக்குப் பின்னால் வந்தவை. ஆரோவில் மண் நிறுவனம் 1989 முதல் அழுத்திய மண் செங்கல்லை வைத்து வளைவும் குவிமாடமும் கட்டிக் காட்டியது. பல நாடுகளிலிருந்து வந்து கற்றுப் போகிறார்கள். அந்த மேஸ்திரிகளுக்கு ஸ்கோப்பஸ் என்றால் என்னவென்றே தெரியாது.

இன்னும் பின்னே போனால் லாமரெஸ் என்ற பிரெஞ்சு எஞ்சினியர் நிற்கிறார். பாலங்கள், சாலைகள் துறையின் தலைவர். 1863-இல் முத்திரையர்பாளையத்து நல்ல தண்ணீரை நகரத்துக்குக் கொண்டுவந்தவர். பாரதி பூங்காவில் வெள்ளையாக நிற்கும் ஆயி மண்டபம் அந்தத் தண்ணீரின் நினைவுதான். அவரே நான்கு ஆண்டு கழித்து, 1867-இல், திருக்குறளையும் சில தமிழ்ப் பாடல்களையும் பிரெஞ்சில் வெளியிட்டார். காலனி அதிகாரி ஒருவரைக் கொண்டாடும் எண்ணம் எனக்கு இல்லை. தான் வேலை செய்யும் ஊரின் தண்ணீரையும் தெரிந்துகொண்டார், மொழியையும் தெரிந்துகொண்டார் என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

வி.சி.ஆர்.சி.யின் ஆய்வாளருக்கு வாரம் 16 மணி நேர வகுப்பு கிடையாது, விடைத்தாள் கட்டும் கிடையாது. அவர்களையும் கல்லூரி ஆசிரியரையும் ஒரே தட்டில் நிறுத்துவது சரியாகாது. கற்க வேண்டியது ஒன்றைத்தான்: கேள்வியை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதை.

பிள்ளைச்சாவடிக்குக் கேள்வி கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கல்லூரி எழுந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், 1986-க்கும் 1989-க்கும் இடையே, நகருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் புதிய துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீண்டன. நம் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை. தென்மேற்குப் பருவக் காற்றின் மாதங்களில் அலைகள் சாய்வாக மோதி மணலை வடக்கே நகர்த்தும், வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். ஆண்டுக் கணக்கில் வடக்கு நோக்கிப் போவதே அதிகம். பல லட்சம் கன மீட்டர். அந்த மணல் ஓட்டத்துக்குக் குறுக்கே சுவர் எழுந்ததும் தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் மேடிட்டது. வடக்கே நகரத்தின் கடற்கரை காணாமல் போனது. சேரும் மணலை வடக்கே இறைத்துவிடும் ஏற்பாடு துறைமுகத் திட்டத்திலேயே இருந்தது, ஒழுங்காக நடக்கவில்லை. காந்தி சிலைக்கு முன்னால் கருங்கல் கொட்டினார்கள். கல் கொட்டினால் அரிப்பு நிற்பதில்லை, அடுத்த ஊருக்கு நகர்கிறது. கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று ஒவ்வொன்றாக அரித்துக்கொண்டு வடக்கே ஏறியது. பிள்ளைச்சாவடியில் வீடுகள் அலையில் சரிந்தன. கரையைக் காக்கும் தூண்டில் வளைவு கேட்டு மீனவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மறியலில் உட்கார்ந்தார்கள்.

பொறியியல் பாடநூலில் போடத் தக்க உதாரணம் இது. மணல் ஓட்டத்தை மறித்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனைச்சாலை இந்தியாவில் அதிகம் இல்லை. 2018-ஐ ஒட்டி, சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு அருகே கடலுக்குள் ஆப்பு வடிவ எஃகுத் தடுப்பொன்றை மூழ்கவைத்தது. கொஞ்சம் மணலும் கொட்டினார்கள். முப்பது ஆண்டுக்குப் பிறகு பிள்ளைகள் மறுபடி மணலில் விளையாடினார்கள். தமிழகக் கரையின் தூண்டில் வளைவுகள் பலவற்றுக்குச் சென்னை ஐ.ஐ.டி.யின் கடல் பொறியியல் துறை வடிவமைத்துத் தந்தது. இங்கேயும் கடலையும் நிலத்தடி நீரையும் ஆராய்ந்து எழுதிய ஆசிரியர்கள் உண்டு. ஆனால் இந்தக் கடற்கரைக்குத் தீர்வு என்று பேச்சு வரும்போது ஊர் உச்சரிக்கும் பெயர் சென்னையின் பெயர்.

காரணம் ஆசிரியரின் திறமைக் குறைவு இல்லை. கடற்கரையை ஆராய்வதென்றால் ஒரே இடத்தில், ஒரே கோட்டில், மாதம் தவறாமல் பத்து ஆண்டு மட்டம் எடுக்க வேண்டும். முதல் மூன்று ஆண்டுத் தரவை வைத்து யாரும் துணிந்து எதுவும் சொல்ல முடியாது. பதவி உயர்வுப் படிவமோ இந்த ஆண்டே இரண்டு கட்டுரை கேட்கிறது. படகு வாடகைக்கும் அலைமானிக்கும் பணம் வேண்டும். இந்தியா தன் மொத்த உற்பத்தியில் ஆய்வுக்குச் செலவிடுவது 0.64 விழுக்காடு. அதில் பெரும்பங்கு அணுசக்தி, விண்வெளி, பாதுகாப்பு என்று போய்விட, மாநிலக் கல்லூரித் துறைக்கு வந்து சேர்வது தூறல். 2023-இல் சட்டமான அனுசந்தான் தேசிய ஆய்வு நிறுவனம் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் கை கொடுக்கும் என்கிறார்கள். பார்ப்போம்.

கடல் மட்டுமா? பாகூர் முதல் ஊசுடு வரை இந்தப் பகுதியில் 84 ஏரிகள். கடலோர ஆழ்துளைக் கிணறுகளில் உப்பு ஏறிவருகிறது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயலில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டியபோது எந்தத் தெருவில் எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது என்று சுவரில் கோடு போட்டு வைத்தவர் யார்? 1870-களில் எழுந்த மேரி என்ற நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் 29 மழையில் சரிந்து விழுந்தது. உலக வங்கிப் பணத்தில் மறுபடி எழுப்பி 2021-இல் திறந்தார்கள். ஆனால் வெள்ளை நகரத்திலும் தமிழர் தெருக்களிலும் சுண்ணாம்புச் சாந்தில் நிற்கும் நூற்றுக்கணக்கான வீடுகளின் சுவர் வலிமை எவ்வளவு, உப்புக் காற்று ஆண்டுக்கு எவ்வளவு தின்கிறது என்பவை எல்லாம் க்யூப் உடைக்கும் லேபுக்கு வெகு தூரமில்லாத கேள்விகள்.

‘ஊர்ப் பிரச்சினையை எழுதினால் உலக இதழ் ஏற்காது’ என்று ஒரு வாதம் உண்டு. யானைக்கால் ஆய்வு அதைப் பொய்யாக்கிவிட்டது. ஊர்த் தரவு நாற்பது ஆண்டுக்குத் தொடர்ந்து இருந்தால் உலகம் தேடி வரும். மூன்று மாதத் தரவுக்குத்தான் மதிப்பில்லை.

பெரிய பணமில்லாமல் தொடங்க ஒரு வழி இருக்கிறது. சிவில் மாணவர்கள் ஒவ்வொரு தொகுதியும் சர்வே கேம்ப் போயே ஆக வேண்டும். பல கல்லூரிகளில் அது ஏதாவது ஒரு மலையடிவாரத்துக்குப் போய் யாருக்கும் தேவைப்படாத வரைபடம் வரைந்து வரும் சுற்றுலாவாக ஆகிவிட்டது. அதே கேம்பைப் பிள்ளைச்சாவடிக்கும் காலாப்பட்டுக்கும் இடையிலான கரையில், நிலையான பத்துக் குறிக்கற்களை நட்டு, ஆண்டுதோறும் அதே மாதத்தில் நடத்தலாம். லெவல் கருவியும் ஸ்டாஃபும் எல்லாத் துறை ஸ்டோர் ரூமிலும் இருக்கின்றன. தொகுதி மாறும், ஆசிரியர் மாறுவார், கற்கள் மாறா. அதோடு க்யூப் பதிவேட்டையும் ஒப்பந்தக்காரர் பெயரை நீக்கிவிட்டு ஆண்டுக்கு ஒருமுறை வெளியிடலாம்.

இதற்கு யாரும் சட்டம் போட வேண்டியதில்லை. தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இப்போது சொந்தமாகப் பட்டம் தருகிறது, சொந்தமாகப் பாடத்திட்டம் வகுக்கிறது, சுய மதிப்பீட்டுப் படிவத்தையும் தானே அச்சிடலாம். ‘ஊருக்காக எடுத்த அளவுகள்’ என்று அதில் ஒரு பத்தியைச் சேர்க்கும்படி துணைவேந்தரிடமும் துறைத் தலைவர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த கேம்ப் டிசம்பருக்கு முன்பே வந்துவிட்டால் நல்லது. வடகிழக்குப் பருவம் முடிவதற்குள் முதல் கோட்டை எடுத்துவிடலாம்.